ரோமக் காதல் கவிஞர்கள் பெண்களை உண்மையில் எப்படிப் பார்த்தார்கள்?

நிலாச்சோறு:

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை ரோமக் காதல் கவிதைகள் எடுத்தோம். கட்டுல்லஸ், டிபுல்லஸ், ப்ரொப்பெர்ஷியஸ், ஓவிட் நாலு பேரிலும் பொறுக்கியெடுத்த பாடல்கள், மொழிபெயர்ப்பில்தான். முதலில் சொக்கிப்போய்த்தான் வாசித்தேன். அவள் உள்ளே ராணி மாதிரி இருக்கிறாள், இவன் மூடிய கதவுக்கு வெளியே ராத்திரி முழுக்கக் குளிரில் கிடக்கிறான், நான் உன் அடிமை, சங்கிலி போடு, சாட்டையால் அடி என்கிறான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இப்படியும் ஒரு ஊரா என்று இருந்தது. அப்புறம் ஓவிடின் அமோரெஸ் என்ற காதல் பாடல் தொகுப்பின் முதல் நூலில் 7ஆவது பாட்டு வந்தது. அதில் அவன் காதலியை அடித்துவிட்டான். என் கையில் விலங்கு போடுங்கள் என்று ஆரம்பித்து, அஜாக்ஸுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லையா, ஒரெஸ்டஸ் தாயைக் கொல்லவில்லையா என்று புராணமெல்லாம் இழுக்கிறான். நடுவில் தனக்கே ஒரு வெற்றி ஊர்வலம் வேறு நடத்துகிறான், ஒரு பெண்ணை ஜெயித்துவிட்ட மாவீரனாம். அவள் முகம் பளிங்கு மாதிரி வெளுத்துப்போய் நடுங்கிக்கொண்டு நிற்பதை ரசித்து ரசித்து வர்ணிக்கிறான். கடைசி இரண்டு வரியில், என் குற்றத்தின் அடையாளம் தெரியாமல் உன் தலைமுடியையாவது சரிசெய்துகொள் என்று முடிக்கிறான்.

இது வருத்தமா, கிண்டலா? இவர்கள் பெண்ணைக் கொண்டாடினார்களா இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேங்காய்_பன்:

கிண்டல்தான், ஆனால் யாரைக் கிண்டல் செய்கிறான் என்று பாருங்கள். தன்னைத்தானே. ரோமில் தளபதிகள் ஜெயித்துவிட்டு வந்து ஊர்வலம் போவார்கள், அந்தப் பெருமையைக் கொண்டுபோய் ஒரு பெண்ணை அறைந்த அசிங்கத்தோடு ஒட்டவைத்தால் அசிங்கப்படுவது ஆண்தான். இன்னொன்று, அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 12 வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கச் சட்டம் அனுமதித்த இடம். பிள்ளைகள் எத்தனை வயதானாலும் அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் கைக்குள்தான். அங்கே ஒருத்தன் எழுந்து, எனக்குப் பதவி வேண்டாம், போர் வேண்டாம், இவள்தான் என் எஜமானி என்று சொல்வது சாதாரணமா? ப்ரொப்பெர்ஷியஸ் இரண்டாம் நூல் 7ஆவது பாட்டில், என் ரத்தத்தில் பிறந்த ஒருத்தனும் சிப்பாயாகப் போக மாட்டான் என்கிறான். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அந்த வரியை எழுதத் துணிச்சல் வேண்டும். 1973லேயே ஜூடித் ஹாலெட் என்ற ஆய்வாளர் இதையெல்லாம் எடுத்துவைத்து, இந்தக் கவிஞர்கள் ரோமின் ஆண்மை ஒழுங்கையே தலைகீழாகப் புரட்டினார்கள் என்று வாதாடியிருக்கிறார். நான் அந்தக் கட்சி.

பழைய_பேப்பர்:

தம்பி, தலைகீழாகப் புரட்டினார்கள் சரி. புரட்டியபோது கீழே இருந்தவர்கள் யாராவது மேலே வந்தார்களா என்று பார்க்க வேண்டாமா?

நிலாச்சோறு, நீங்கள் அமோரெஸில் 7ஆவது பாட்டோடு நின்றுவிட்டீர்கள் போல. இரண்டாம் நூலில் 7, 8 என்று ஜோடியாக இரண்டு பாட்டு இருக்கிறது, இந்த மொத்த விஷயமும் அதில் அடக்கம். 7இல் அவன் தன் காதலி கொரின்னாவிடம் பேசுகிறான். ஐயோ, எப்போது பார்த்தாலும் சந்தேகம், நாடகக் கொட்டகையில் பெண்கள் உட்காரும் மேல் வரிசையைத் திரும்பிப் பார்த்தால்கூடச் சண்டை என்று புலம்புகிறான். இப்போது புதுக் குற்றச்சாட்டு என்னவென்றால், உனக்குத் தலைவாரிவிடும் சிபாஸிஸோடு படுத்தேனாம்! சிபாஸிஸ் அந்த வீட்டு அடிமைப் பெண். அவன் சத்தியம் செய்கிறான், வீனஸ் மேல், மன்மதன் வில் மேல். அதோடு ஒரு வாதமும் வைக்கிறான். சாட்டைத் தழும்பு விழுந்த முதுகைக் கட்டிப்பிடிக்க எந்தச் சுதந்திர ஆணுக்கு ஆசை வரும்?

பக்கத்தைத் திருப்பினால் 8ஆவது பாட்டு. சிபாஸிஸே, ஆயிரம் விதமாய்க் கொண்டை போடத் தெரிந்தவளே, நம் விஷயத்தைக் கொரின்னாவுக்கு யார் சொன்னது? அவள் முறைத்தபோது நீதான் முகம் சிவந்து காட்டிக்கொடுத்தாய், நான் பார்த்தேன். நான் பொய்ச் சத்தியம் செய்து உன்னைக் காப்பாற்றினேன், அதற்குக் கூலியாக இன்றைக்கு என்னோடு படு. அவள் தலையை ஆட்டி மறுக்கிறாள். மறுத்தால் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், எங்கே, எத்தனை தடவை, எப்படியெல்லாம் என்று. பாட்டு அங்கே முடிகிறது.

நான் உன் அடிமை, சங்கிலி போடு என்று மூன்று நூல் முழுக்கப் பாடியவன் நிஜமான ஓர் அடிமையை நேரில் பார்த்தால் என்ன செய்கிறான் என்பது இதுதான். எஜமானி கையில் இந்த விஷயம் மாட்டினால் சிபாஸிஸ் முதுகில் இன்னும் எத்தனை தழும்பு விழும் என்று அவனுக்குத் தெரியும். காதல் கலையைச் சொல்லித்தரும் ஆர்ஸ் அமடோரியாவின் மூன்றாம் நூலில் பெண்களுக்கு அவன் சொல்லும் அறிவுரை ஞாபகம் இருக்கிறதா? தலைவாருகிறவளின் முகத்தை நகத்தால் கீறுகிறவளையும், ஊசியைப் பிடுங்கி அவள் கையில் குத்துகிறவளையும் எனக்குப் பிடிக்காது என்கிறான். அந்த வீடுகளில் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தவன்தான்.

தேங்காய்_பன்:

சார், ஓவிட் அதைத் தெரிந்தேதான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறான். தன் கதாநாயகன் ஒரு அயோக்கியன் என்று அவனே காட்டிக்கொடுக்கிறான். பாட்டில் பேசுகிறவன் வேறு, எழுதியவன் வேறு.

பழைய_பேப்பர்:

ஒத்துக்கொள்கிறேன். காட்டிக்கொடுக்கிறான், சிரிக்கவும் வைக்கிறான். சிரிப்பு யாரைப் பார்த்து என்பதுதான் என் சந்தேகம். அந்தக் காலத்தில் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தவர்கள் வீட்டிலும் தலைவாரிவிட ஒருத்தி இருந்திருப்பாள்.

சட்டப்புலி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் இலக்கியக்காரன் இல்லை, ரோமச் சட்டம் கொஞ்சம் படித்தவன். இங்கே பெண், பெண் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள், ரோமில் அப்படி ஒரே பெண் கிடையாது. கல்யாணமான குடும்பப் பெண் ஒரு ரகம், சுதந்திரமாகப் பிறந்த கன்னி ஒரு ரகம், விடுதலை பெற்ற அடிமை ஒரு ரகம், அடிமை ஒரு ரகம். யார் யாரைத் தொடலாம் என்பது அதைப் பொறுத்தது. கி.மு. 18 வாக்கில் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டப்படி குடும்பப் பெண்ணோடு உறவு வைத்தால் அது அரசாங்கக் குற்றம், நாடுகடத்தல், சொத்துப் பறிப்பு. கணவன் தெரிந்தும் சும்மா இருக்க முடியாது. அவன் விவாகரத்து செய்ய வேண்டும், அதன்பின் 60 நாள் வரை வழக்குப் போடும் முன்னுரிமை அவனுக்கும் பெண்ணின் அப்பாவுக்கும். செய்யாவிட்டால் அவனே மனைவியைக் கூட்டிக்கொடுத்தவன் என்று கூண்டில் ஏறுவான். ஆனால் அதே கணவன் தன் அடிமைப் பெண்ணோடோ விலைமகளோடோ படுத்தால் இந்தச் சட்டத்துக்கு அதில் வேலையே இல்லை.

அதனால்தான் ஓவிட் ஆர்ஸ் அமடோரியாவின் ஆரம்பத்திலேயே, தலையில் நாடா கட்டியவர்களும் கால்வரை இறங்கிய விளிம்பு வைத்த உடை போட்டவர்களும் தள்ளிப் போங்கள் என்று வக்கீல் மாதிரி ஒரு வரி போட்டுவைத்தான். அது குடும்பப் பெண்ணின் உடை. எனக்கும் சட்டத்துக்கும் சண்டை இல்லை என்று முன்ஜாமீன் வாங்குகிறான், அவ்வளவுதான். அதுவும் பலிக்கவில்லை. கி.பி. 8இல் கருங்கடல் ஓரத்தில் டோமிஸுக்கு, இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்ஸாவுக்கு, அனுப்பிவைத்தார்கள். ஒரு கவிதையும் ஒரு தவறும் காரணம் என்று அவனே எழுதுகிறான். அந்தக் கவிதை இதுதான், தவறு என்ன என்பதை அவன் கடைசிவரை வாய்விடவில்லை.

இந்த மனிதர்கள் காதலித்த பெண்களில் ஓரளவு நிச்சயமாகத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். கொர்னேலியஸ் கல்லஸ் தன் கவிதைகளில் லைகோரிஸ் என்று பாடிய பெண். மேடைப் பெயர் சிதேரிஸ், வொலும்னியஸ் என்பவரின் முன்னாள் அடிமை, நடிகை, மார்க் அந்தோணியோடும் இருந்தவள். கி.மு. 46இல் ஒரு விருந்தில் சிதேரிஸும் சாப்பாட்டுப் படுக்கையில் சாய்ந்திருந்தாள் என்று பேச்சாளர் சிசரோ நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார், கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் ஜாலியாகவும். கல்லஸ் எழுதியதில் வெறும் ஒரு வரிதான் மிச்சமிருந்தது. 1978இல் எகிப்தில் கஸ்ர் இப்ரீம் என்ற இடத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு தோண்டியெடுத்தார்கள், மேலும் சில வரிகள் கிடைத்தன. அதில் கண்ணில் படும் முதல் முழு வரியிலேயே லைகோரிஸ், உன் போக்கிரித்தனத்தால் என்று வருகிறது. இரண்டாயிரம் வருஷம் மணலுக்குள் கிடந்து வெளியே வந்தும் அந்தப் பெண் மேல் புகார்தான்.

நிலாச்சோறு:

இப்போது எனக்கு ஒன்று பிடிபடுகிறது. எல்லாக் கவிஞனும் அவள் பேராசைக்காரி, பணக்காரன் வந்தால் என்னைத் துரத்திவிடுகிறாள் என்று அழுகிறான். அமோரெஸ் முதல் நூல் 10ஆவது பாட்டில், குதிரை குதிரையிடம் பரிசு கேட்கிறதா, பசு காளையிடம் கேட்கிறதா என்று கேட்கிறான். கொடுக்க நான் தயார், நீ கேட்பதுதான் பிடிக்கவில்லை என்று வேறு முடிக்கிறான். சட்டப்புலி சொல்கிற மாதிரிப் பெண் என்றால் அவளுக்கு அது பிழைப்பு. சீதனம் இல்லை, புருஷன் இல்லை, முப்பது வயதுக்கு மேல் வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். இவன் பாட்டு கொடுக்கிறேன், உன் பெயர் உலகம் உள்ளவரை நிற்கும் என்கிறான். பாட்டை வைத்து வாடகை கட்டலாமா?

பழைய_பேப்பர்:

பிரமாதம். இதே கேள்வியை இவர்கள் பாட்டுகளிலேயே ஒரு கிழவி கேட்கிறாள். ஓவிடிடம் அவள் பெயர் டிப்ஸாஸ், ப்ரொப்பெர்ஷியஸிடம் அக்காந்திஸ். இரண்டு பேரும் இளம் பெண்ணுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறவர்கள். உன் கவிஞன் புதுப்புதுப் பாட்டைத் தவிர வேறென்ன கொடுக்கிறான், இளமை போய்விடும், இருக்கும்போதே சேர்த்துக்கொள், எளிதில் இணங்காதே, தலைவலி என்று சொல்லி ஒரு ராத்திரி கதவைச் சாத்து. எனக்கு இந்தக் கவிதை உலகத்திலேயே தெளிவாகப் பேசுகிற ஆள் அந்தக் கிழவிதான். கவிஞர்கள் அவளுக்கு என்ன பதில் சொல்கிறார்கள் தெரியுமா? பதிலே இல்லை, சாபம்தான். உனக்கு வீடு இல்லாமல் போக, தீராத தாகத்தோடு வறுமையான முதுமை வர என்கிறான் ஓவிட். அக்காந்திஸ் செத்த பிறகும் ப்ரொப்பெர்ஷியஸ் விடுவதில்லை, அவள் சமாதி மேல் முள் முளைக்கட்டும் என்கிறான்.

கைநீட்டாமல் அடிக்கிற வித்தையும் இவர்களிடம் இருக்கிறது. டிபுல்லஸை எல்லோரும் சாது என்பார்கள். முதல் நூல் 10ஆவது பாட்டில், காதலியை அடிக்கிறவன் கல்லும் இரும்புமானவன் என்கிறான், வாசிக்க நன்றாக இருக்கும். அடுத்த மூச்சிலேயே, மெல்லிய உடையைக் கிழித்தால் போதும், கொண்டையைக் கலைத்தால் போதும், அழவைத்தால் போதும், தன் கோபத்துக்கு ஒரு மென்மையான பெண்ணை அழவைக்க முடிகிறவன் நாலு மடங்கு பாக்கியசாலி. இதுதான் சாதுவின் எல்லை. ப்ரொப்பெர்ஷியஸ் இரண்டாம் நூல் 5ஆவது பாட்டில் தன் காதலி சிந்தியாவிடம் இன்னும் ஒருபடி போகிறான். உடை கிழிப்பது, கதவு உடைப்பது, முடியைப் பிடித்து இழுப்பது எல்லாம் பட்டிக்காட்டான் வேலை, நான் எழுதுவேன், நீ சாகும்வரை அழிக்க முடியாத ஒன்றை எழுதுவேன். சிந்தியா, அழகில் வலியவள். சிந்தியா, சொல்லில் நிலையில்லாதவள். அந்த ஒரு வரிக்கு நீ வெளுத்துப்போவாய் பார் என்கிறான். நல்ல பெயரை வைத்தே பிழைக்கிற ஒருத்தியிடம் சொல்கிறான் இதை.

தேங்காய்_பன்:

சரி, ஓவிடையும் ப்ரொப்பெர்ஷியஸையும் விட்டுத்தருகிறேன், கட்டுல்லஸைத் தரமாட்டேன். அவன் 72ஆவது கவிதையைப் பாருங்கள். ஊரார் காதலியை நேசிப்பது போல மட்டும் உன்னை நான் நேசிக்கவில்லை, ஒரு அப்பா தன் மகன்களையும் மருமகன்களையும் நேசிப்பது போல நேசித்தேன் என்கிறான். காதலைச் சொல்ல மருமகனை இழுக்கிற கவிஞனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 109இல் வாழ்நாள் முழுக்க நீளும் புனிதமான நட்பு ஒப்பந்தம் என்கிறான். ரோமில் ஒப்பந்தம், நட்பு எல்லாம் ஆண்கள் ஆண்களோடு அரசியலில் செய்துகொள்வது. அந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சமமாக உட்காரவைத்தான். இதைவிட என்ன வேண்டும்?

பழைய_பேப்பர்:

அழகான இடம்தான், எனக்கும் பிடிக்கும். அதே கையால் 58ஐயும் எழுதினான். நம் லெஸ்பியா, தன்னையும் தன் சொந்தபந்தங்களையும்விட அதிகமாகக் கட்டுல்லஸ் நேசித்த அந்த லெஸ்பியா, இப்போது முச்சந்தியிலும் சந்துகளிலும் நின்று ரோமாபுரி ஆண்களுக்கு என்ன செய்துகொடுக்கிறாள் என்று ஐந்தே வரி. 11இல் ஒரே நேரத்தில் முந்நூறு கள்ளக்காதலரைக் கட்டிக்கொள்கிறாள் என்கிறான். சமமாக உட்காரவைத்தவள் எழுந்து போனால் அவள் போய்ச் சேருகிற இடம் தெருமுனை. நடுவில் ஓரிடம் கிடையாது.

அவள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். லெஸ்பியா என்பது க்ளோடியா என்று இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயஸ் எழுதிவைத்தார். அந்த வீட்டில் க்ளோடியாக்கள் மூன்று பேர், பெரும்பாலோர் கை காட்டுவது கி.மு. 60இல் கான்சல் என்ற ரோமின் உயர்ந்த பதவியில் இருந்த மெட்டெல்லஸ் கெலரின் மனைவியை. கி.மு. 56இல் கேலியஸ் என்பவனுக்காக வாதாடிய வழக்கில் அதே க்ளோடியாவைச் சிசரோ நீதிமன்றத்தில் நார்நாராகக் கிழித்தார். பாலட்டைன் குன்றின் மீடியா (புராணத்தில் தன் பிள்ளைகளையே கொன்ற சூனியக்காரி) என்றார், அவள் தம்பி க்ளோடியஸ் பேச்சு வந்தபோது வாய் தவறுவது போல அவள் புருஷன் என்று சொல்லிவிட்டு, தம்பி, தம்பி, எப்போதும் இந்த இடத்தில் தவறிவிடுகிறேன் என்றார். கூட்டம் சிரித்திருக்கும். ஆகக் க்ளோடியாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் உதறப்பட்ட ஒருத்தன் மூலமும் எதிர்க்கட்சி வக்கீல் மூலமும்தான்.

ரிட்டயர்டு_டீச்சர்:

பிள்ளைகளா, இவ்வளவு பேசியும் ப்ரொப்பெர்ஷியஸ் நாலாம் நூலை யாரும் தொடவில்லையே. 7ஆவது பாட்டில் சிந்தியா செத்துப்போய் ஆவியாக வருகிறாள். அவன் கட்டில் மேல் குனிகிறாள். அதே கண், அதே முடி, ஆனால் உடை ஒரு பக்கம் கருகியிருக்கிறது, விரலில் போட்டிருந்த பச்சைக்கல் மோதிரத்தைச் சிதைநெருப்பு தின்றிருக்கிறது. வந்தவள் கொஞ்சுவதில்லை, கணக்குக் கேட்கிறாள். துரோகி, அதற்குள் தூக்கமா? என் கண் மூடும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? உடைந்த ஓடுதானே என் தலைக்கு வைத்தீர்கள்? என் சவ ஊர்வலத்தோடு ஊர் வாசலைத் தாண்டி நீ வரவில்லையே? எனக்காகப் பூ வைத்த கிழ அடிமை பெட்டாலேயின் காலில் கட்டை மாட்டியிருக்கிறாள் உன் புதுக்காரி, என் பெயரைச் சொன்னதற்காக லாலாகேயை முடியில் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். பழைய_பேப்பர் சார் சிபாஸிஸைப் பற்றிச் சொன்னார் அல்லவா, இங்கே அடிமைப் பெண்களின் பெயரைச் சொல்லி நியாயம் கேட்பவள் சிந்தியா. நான் உனக்கு உண்மையாகத்தான் இருந்தேன் என்று சத்தியம் வேறு செய்கிறாள். மூன்று நூல் முழுக்க அவன் எழுதியதற்கு நேர் எதிர் வாக்குமூலம்.

அடுத்த பாட்டிலேயே உயிரோடு வந்து நிற்கிறாள்! இவன் இரண்டு பெண்களைக் கூட்டிவைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறான், அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவர்களை விரட்டியடித்து, இவனைக் கடித்து, அறைந்து, நிபந்தனை போடுகிறாள். தளபதி பாம்பீ கட்டிய மண்டபத்தில் அலங்காரம் பண்ணிக்கொண்டு உலாத்தக் கூடாது, கொட்டகையில் கழுத்தை வளைத்து மேல் வரிசையைப் பார்க்கக் கூடாது. அந்தப் பெண்கள் தொட்ட இடமெல்லாம் கந்தகப் புகை போடுகிறாள். எனக்கு இந்த இரண்டு பாட்டுக்காகவே ப்ரொப்பெர்ஷியஸ் மேல் கோபம் வராது.

நிலாச்சோறு:

டீச்சர், அருமையாகச் சொன்னீர்கள். ஆனாலும் அந்த வாயும் அவன் கொடுத்த வாய்தானே?

ரிட்டயர்டு_டீச்சர்:

ஆமாம்மா. அதற்காகத்தான் சுல்பிசியாவைப் படிக்கச் சொல்வேன். டிபுல்லஸ் நூலோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆறு சின்னப் பாட்டு, மொத்தம் 40 வரி. மெஸ்ஸாலா என்ற பெரிய மனிதரின் பொறுப்பில் இருந்த பெரிய வீட்டுப் பெண். பிறந்தநாளுக்கு அவர் அவளைக் கிராமத்துக்கு இழுத்துப்போகப் பார்க்கிறார், கெரிந்தஸ் இல்லாத ஊரில் எனக்கென்ன பிறந்தநாள் என்று எரிச்சல்படுகிறாள். காதலன் வேறொருத்தியிடம் போனது தெரிந்ததும், நூல் கூடை தூக்குகிற டோகா கட்டிய வேசிதான் உனக்குப் பெரிதா, செர்வியஸின் மகள் சுல்பிசியாவைவிட என்று முழுப் பெயரோடு அறைகிறாள். புனைபெயரில் ஒளிந்தவன் கெரிந்தஸ்தான், அவள் இல்லை. ஊருக்காக முகத்தை வைத்துக்கொள்வது அலுத்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள், அதற்கு ஈடாக ஓவிடிடம் எனக்கு ஒன்றும் இல்லை.

சட்டப்புலி:

அந்த வேசி வரியில் சுல்பிசியாவும் அந்தஸ்தை வைத்துத்தானே அடிக்கிறாள், டீச்சர். அவளுக்கும் கீழே ஒருத்தி வேண்டியிருக்கிறது.

ரிட்டயர்டு_டீச்சர்:

வாஸ்தவம். ரோமக்காரிதானே அவளும்.

தேங்காய்_பன்:

ஒன்று கேட்கிறேன். நம் அகப்பாடலில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. ரோமில் அப்படி வைத்திருந்தால் இவ்வளவு வம்பு இருந்திருக்காதோ?

பழைய_பேப்பர்:

வம்பு பாதி குறைந்திருக்கும், கவிஞர்களின் வியாபாரமும் பாதி படுத்திருக்கும். அமோரெஸ் மூன்றாம் நூல் 12ஆவது பாட்டில் ஓவிட் என்ன சொல்கிறான் பாருங்கள். அவள் அழகை நான் பாடிப் பாடி ஊருக்கே விளம்பரம் செய்துவிட்டேன், என் திறமையால் அவள் விலைக்கு வந்துவிட்டாள், அவளுக்குத் தரகன் நான்தான், அவள் கதவை அடுத்தவனுக்குத் திறந்துவிட்டதும் என் கைதான். வருத்தப்பட்டுச் சொல்கிறானா, பெருமையாகச் சொல்கிறானா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி படுகிறது.

தேங்காய்_பன்:

அதே ஓவிட்தான் இரண்டு பேரும் சேர்ந்து சுகப்படாத சேர்க்கையை நான் வெறுக்கிறேன் என்றும் எழுதினான், ஆர்ஸ் அமடோரியா இரண்டாம் நூலில். பெண்ணின் சுகத்தை ஆணின் சுகத்தோடு சமமாக வைத்துப் பேசியவன்.

நிலாச்சோறு:

முதல் நூலில் அவன்தானே, பலாத்காரம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள், பெண்களுக்கு அது பிடிக்கும் என்றும் எழுதுகிறான்? பக்கத்து இனத்துச் சாபைன் பெண்களை ரோமர்கள் கொட்டகையில் வைத்துத் தூக்கிப்போன கதையைச் சொல்லிவிட்டு, சிப்பாய்க்கு இப்படிச் சம்பளம் கிடைத்தால் நானும் பட்டாளத்தில் சேர்வேன் என்று ஜோக் அடிக்கிறான். இரண்டையும் ஒரே ஆள் எழுதினான் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க வேண்டாம்.

அடுத்த வாரக் கூட்டத்துக்குச் சிபாஸிஸ் பாட்டையும் நாலாம் நூல் 7ஐயும் கொண்டுபோகிறேன், சுல்பிசியா 40 வரியையும் படியெடுத்துக் கொடுத்துவிடுவேன்.

பழைய_பேப்பர்:

சிபாஸிஸ் ஜோடியை வாசிக்கும்போது 7ஐ வாசித்துவிட்டு அங்கேயே நிறுத்துங்கள், இவன் சொல்வதை நம்புகிறீர்களா என்று கேட்டு வாக்கெடுப்பு நடத்துங்கள், அப்புறம் 8ஐ எடுங்கள். டிப்ஸாஸ் கிழவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் நூல் 8.

தேங்காய்_பன்:

கட்டுல்லஸ் 72, 109 இரண்டையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் கட்சிக்கும் நாலு ஓட்டு விழட்டும்.